மேட்டில் ஏறும்போது கியர் பாக்ஸ் ஆயில் எங்கே போகிறது?

சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறத் தொடங்கும் லாரி, திம்பம் போய்ச் சேர்வதற்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். தூரம் என்று பார்த்தால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். ஆனால் சுமை ஏற்றிய வண்டிக்கு, வழியில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், அது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும் வேலை. இந்தப் பாதையில் பல ஆண்டுகள் ஆறு சக்கர லாரி ஓட்டியவன் நான். அதே பாதையில் என் சொந்தக் கவனக்குறைவால் ஒரு கியர் பாக்ஸை முழுதாகக் காவு கொடுத்தவனும் கூட. அந்தச் செலவில் நான் கற்றுக்கொண்டதை, மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

நடந்தது 2014இல். அப்போது மேலே போகும்போது சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாம்ராஜ்நகர் பக்கம் இறக்கிவிட்டு, திரும்பும்போது நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கான மக்காச்சோளத்தை ஏற்றி வருவது எங்கள் வழக்கமான நடை. வண்டியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்; சுமை மட்டும் பத்து டன்னை ஒட்டி இருக்கும். ஏறும்போதும் சுமை, இறங்கும்போதும் சுமை என்பதால் கியர் பாக்ஸுக்கு இந்தப் பாதையில் ஓய்வு என்பதே கிடையாது.

முதல் அறிகுறி ஒரு முனகலாக வந்தது. ஏழாவது எட்டாவது வளைவு வாக்கில், இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தரைத் தகட்டுக்கு அடியிலிருந்து மாவு மில் ஓடுவது போன்ற ஓர் அரவம் கேட்டது. மூன்றாவது கியருக்கு மாற்றினால் சற்றுக் குறைந்தது. திம்பம் தாண்டி ஆசனூர்ப் பக்கம் சமதளத்தில் டாப் கியரில் போகும்போது அடியோடு நின்றுவிட்டது. நின்றுவிட்ட சத்தத்தை யார் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள்? ‘மேட்டுக்கு முக்குகிறது’ என்று நானும் கிளீனரும் பேசி முடித்துக்கொண்டோம். டாப் கியரில் சத்தம் இல்லாமல் போனதுதான் நோயின் முகவரி என்பது பிறகுதான் புரிந்தது.

நான்காவது நடையில், இருபத்திரண்டாவது வளைவுக்குச் சற்று முன்னால், அரவம் கரகரப்பாக மாறியது. கியர் லீவர் உள்ளங்கைக்குள் நடுங்கியது. இரண்டாவது கியர் தானாக நழுவி வெளியே விழுந்தது. திரும்பப் போட்டால் பல்லோடு பல் மோதும் ஒலி மட்டுமே வந்தது. நல்லவேளையாகப் பிரேக்கில் குறை எதுவும் இல்லை. வண்டியை மலைச்சுவர் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, சத்தியமங்கலத்தில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினோம். அந்தத் தடுப்புச் சுவர்களின் மேல் மாலையில் சிறுத்தை வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் பலர் உண்டு. ஆகையால் அவர் வந்து சேரும் வரை நாங்கள் இருவரும் கேபினை விட்டு இறங்கவில்லை.

அவர் வந்தவுடன் செய்த முதல் காரியம் எனக்குப் புதிதாக இருந்தது. சுமையை வேறு வண்டிக்கு மாற்றியபின், பழுதான வண்டியை இன்னொரு லாரியோடு இணைத்துக் கீழே இறக்குவது என்று முடிவாயிற்று. நான் நியூட்ரலில் போட்டு இழுத்துவிடலாம் என்றேன். அவர் கேட்காமல், கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் போல்ட்டுகளைப் பின் அச்சுப் பக்கத்தில் கழற்றத் தொடங்கினார். “ஏனுங்கண்ணா, இருட்டுற நேரத்துல இது எதுக்குங்க?” என்று கேட்டேன். “இஞ்சின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்துனா, உள்ள ஆயில யாருப்பா அள்ளிப் போடுவா?” என்றார். அந்த ஒரு கேள்விக்குள் இந்தக் கட்டுரையின் பாதி அடங்கியிருக்கிறது.

நம்மூர் லாரிகளின் சாதாரண கியர் பாக்ஸில் ஆயிலைப் பல்லுக்கும் பேரிங்குக்கும் கொண்டுசேர்க்கத் தனியாகப் பம்ப் கிடையாது. பெட்டியின் அடியில் இருக்கும் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டின் பற்சக்கரங்கள் ஆயிலில் முங்கிச் சுழன்று, அதை வாரி மேலே இறைக்கின்றன. அப்படி இறைபடும் ஆயில்தான் மேலே இருக்கும் மெயின் ஷாஃப்ட்டின் மேலும், அதன் பற்சக்கரங்களுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளின் துளைகளுக்குள்ளும், முன்பின் பேரிங்குகளின் மேலும் விழுகிறது. ஏற்றக் கிணற்றில் சால் மூழ்கினால்தான் வாய்க்காலில் தண்ணீர்; சால் மூழ்காமல் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் வயல் நனையாது. லே ஷாஃப்ட்டைச் சுழற்றுவது இஞ்சின், கிளட்ச் வழியாக. மெயின் ஷாஃப்ட்டின் பின்முனையோ சக்கரங்களோடு பிணைந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் வண்டியை இழுத்துக்கொண்டு போனால், லே ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும். மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடியே சுழலும். கட்டி இழுத்து வந்த வண்டியில் முதலில் இல்லாத பழுதெல்லாம் பட்டறையில் புதிதாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம். எவ்வளவு அவசரமானாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையோ பின் அச்சின் ஆக்சில் ஷாஃப்ட்டுகளையோ கழற்றாமல் பழுதான லாரியை நெடுந்தூரம் இழுக்கக் கூடாது.

மறுநாள் பட்டறையில் பெட்டியைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் வெளிவந்த ஆயில், கையேட்டில் சொன்ன அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. கரிந்த வாடை. கிளட்ச்சிலிருந்து இஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் கிளட்ச் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு குழி இருக்கும். மெயின் ஷாஃப்ட்டின் முன்முனை அந்தக் குழிக்குள் ஒரு ரோலர் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த உள் பேரிங் இருந்த இடத்தில் நீலம் பாரித்த நான்கைந்து உருளைகளும், சுருண்டு கிடந்த கூண்டுத் தகடும் மட்டுமே மிச்சம். பேரிங் போனதால் மெயின் ஷாஃப்ட் நேர்கோட்டிலிருந்து விலகி, இரண்டாவது கியரின் பற்களை ஓரத்தில் கடித்துத் துப்பியிருந்தது. பெட்டியின் பின்புறப் பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். புதிது போல வழுவழுவென்று ஓடியது, ஆயிலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே பெட்டி, ஒரே ஆயில். முன்பக்கம் எரிந்திருக்க, பின்பக்கம் நனைந்திருந்தது.

என் முகத்தைப் பார்த்த மெக்கானிக், ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பழைய ஆயிலை ஊற்றி மூடி, மேசையின் மேல் படுக்க வைத்தார். ஆயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சமமாகப் பரவி நின்றது. பிறகு மூடிப் பக்கத்தின் அடியில் இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தார். மூடிப் பக்கம் காய்ந்துபோய், ஆயில் முழுவதும் அடிப்பக்கத்துக்கு ஓடிவிட்டது. “மூடிதான் உன்ற முன்பேரிங். இப்படியே ஒரு மணி நேரம் ஓட்டீருக்கற” என்றார். அதற்குமேல் அவர் விளக்கவும் இல்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை.

பின்னாளில் இதை அளந்தே பார்த்தேன். லாரியின் இஞ்சினும் கியர் பாக்ஸும் சேசிஸில் மட்டமாக உட்காருவதில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்துக்காக அவை பின்புறம் மூன்று நான்கு பாகை தாழ்ந்தே பொருத்தப்பட்டிருக்கும். ஏறும்போது சாலையின் சரிவும் இதோடு கூடிக்கொள்கிறது. அலைபேசியில் இருக்கும் ரசமட்டச் செயலியைச் சேசிஸின் மேல் வைத்துப் பார்த்தபோது, நேரான ஏற்றங்களில் நான்கு ஐந்து பாகையும், வளைவின் உள்வட்டத்தில் ஏறும் சில நொடிகளில் ஏழு எட்டு பாகையும் காட்டியது. இரண்டையும் கூட்டினால் கியர் பாக்ஸ் பத்துப் பாகைக்கு மேல் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டியில் பத்துப் பாகைச் சாய்வு என்றால், முன்முனையின் ஆயில் மட்டத்துக்கும் பின்முனையின் மட்டத்துக்கும் இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அளவு சரியாக இருந்தால், இந்தச் சாய்விலும் லே ஷாஃப்ட்டின் முன்பக்கப் பற்சக்கரம் ஆயிலை எட்டித் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு லிட்டர் குறைந்தால் அது அந்தரத்தில் சுழலும்.

உள் பேரிங் ஏன் முதலில் போயிற்று என்பதற்கும் கணக்கு உண்டு. டாப் கியர் நேரடிக் கியராக உள்ள பெட்டியில், கிளட்ச் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. இடையிலிருக்கும் அந்த பேரிங்குக்கு அப்போது வேலையே இல்லை. இரண்டாவது கியரில் கிளட்ச் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றினால், மெயின் ஷாஃப்ட் அதில் நான்கில் ஒரு பங்குதான் சுற்றும். மீதமுள்ள வேக வித்தியாசம் முழுவதும் அந்தச் சிறிய உருளைகளின் தலையில் விழுகிறது. சுமையும் அந்தக் கியரில்தான் அதிகம். ஆக, மேடு ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த பேரிங்குக்கு வேக வித்தியாசமும் சுமையும் உச்சத்தில் இருக்க, ஆயில் மட்டும் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. கீழ்க் கியர்களில் மட்டும் கேட்டு, டாப்பில் அடங்கிவிடும் அரவத்தை ‘மேட்டுச் சத்தம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த நடைக்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள்.

அளவை நாங்கள் பார்க்காமலும் இல்லை. வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி இதுதான். மாதம் ஒருமுறை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டிலிருக்கும் லெவல் போல்ட்டைக் கிளீனர் திறப்பான், விளிம்பு வரை ஆயில் நிற்கும், மூடிவிடுவான். கொத்தனார் அந்த வாசலை மழைநீர் தெருப்பக்கம் ஓடுவதற்காக நல்ல வாட்டத்தோடு போட்டிருந்தார். நாங்கள் எப்போதும் வீட்டைப் பார்த்து, அதாவது முன்பக்கம் உயர்ந்த நிலையில், வண்டியை நிறுத்துவோம். எங்கள் பெட்டியில் லெவல் துளை நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி இருந்தது. வாட்டத்தில் பின்னால் ஓடி வந்து நின்ற ஆயிலைப் பார்த்து, ஒரு வருடமாக ‘ஃபுல்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். மட்டம் பார்ப்பதற்கு மட்டமான தரை வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் நமது நிறுத்துமிடங்களில் பெட்ரோல் பங்க் ஓரமும் சாலைச் சரிவும் லோடு இறக்கும் சாய்தளமுமே அதிகம்.

குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்று தேடியபோது இன்னொரு சங்கிலி வெளிப்பட்டது. கியர் பாக்ஸின் மேல்புறம் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். பெட்டி சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். எங்கள் வண்டியில் அது சேறும் சிமெண்ட் தூசியும் சேர்ந்து கல்லாக இறுகிப்போயிருந்தது. வெளியேற வழியில்லாத காற்றழுத்தம், ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான பின்பக்க ஆயில் சீலின் உதட்டைத் தள்ளி, ஒவ்வொரு ஏற்றத்திலும் சில சொட்டுகளைக் கசியவிட்டிருக்கிறது. கசிந்த ஆயிலின் மேல் தூசி படிந்து கருப்புக் களிம்பாகிவிட்டதால், தரையில் ஒரு சொட்டும் விழுந்ததில்லை. ‘சொட்டவில்லை, ஆகவே ஒழுகவில்லை’ என்பது எங்கள் கணிப்பு. சில ரூபாய் பெறுமான பிரீதரை மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால், கூலியும் சாமானுமாக 68,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். வண்டி நின்ற 11 நாட்களின் வருமானம் தனி.

இப்போது நாங்கள் அளவு பார்க்கும் முறையைச் சொல்கிறேன். வண்டி ஓடி முடித்து, ஆயில் வடிந்து அடங்க நேரம் கொடுத்து, வெதுவெதுப்பு நிலைக்கு வந்தபின் பார்ப்போம். ஓடி நின்ற சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும் என்பதோடு, மேலே ஒட்டியிருக்கும் ஆயில் இன்னும் இறங்காததாலும் நுரை கலந்திருப்பதாலும் அளவு பொய் சொல்லும். லெவல் போல்ட்டைச் சுற்றியுள்ள அழுக்கை முதலில் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துகள்கள் உள்ளே விழுந்தால் பேரிங்குக்கு அரத்தூள் போட்டதற்குச் சமம். துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும், துளியளவு வழிய வேண்டும். விரலை உள்ளே வளைத்துவிட்டு ‘தொட்டுவிட்டது, போதும்’ என்று சொல்வது பெரும் ஏமாற்று. விரலின் ஒரு கணு இறக்கம் என்பது அகலமான பெட்டியில் ஒரு லிட்டருக்கு மேல்கூட இருக்கலாம். முடிந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்தி, எதிர்த்திசையில் இன்னொரு முறையும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே அளவு நின்றால் தரை உண்மையிலேயே மட்டம்.

மலைக்குப் போகிற வண்டிக்கு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டால் முன்பக்கம் காயாது அல்லவா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் பட்டபிறகு ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தேன். பற்சக்கரங்கள் அளவுக்கு மீறி மூழ்கினால் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடுகின்றன. நுரையில் பாதி காற்று. காற்றுக்கு மசகு ஏது? பெட்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். இறக்கத்தில் முன்பக்கம் திரளும் உபரி ஆயில், முன் சீலைத் தாண்டிக் கிளட்ச் தட்டில் இறங்கினால் மேட்டில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஈரத்தைப் பார்த்ததும் உபரியை வடித்துவிட்டேன்.

ஆயிலின் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் வரும் கியர் பாக்ஸுக்கு 140 கிரேடு கெட்டி ஆயிலை ஊற்றினால் அடங்கிவிடும் என்பது நமது வட்டாரத்தில் காலங்காலமாக இருந்து வரும் கை வைத்தியம். சத்தம் உண்மையிலேயே அடங்கும். ஆனால் கெட்டி ஆயில் ஊசி பேரிங்குகளின் சிறு துளைகளுக்குள் எளிதில் புகாது; அதிலும் ஆசனூரின் மார்கழி விடியலில் குளிர்ந்து கிடக்கும் பெட்டியில், பற்சக்கரம் ஆயிலில் ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு வெறுமனே சுழலும், ஆயில் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடி வராது. நோய் இருக்க, முனகல் மட்டும் நின்றுபோகிறது. பழைய வண்டியை விற்கும் நாளில் சத்தத்தை அமுக்க ஆயிலில் மரத்தூள் கலப்பவர்களின் தந்திரத்துக்கும் இதற்கும் நோக்கத்தில் வேண்டுமானால் வேறுபாடு இருக்கலாம்.

மற்றொரு குழப்பம், ஒரே டின்னிலிருந்து கியர் பாக்ஸுக்கும், பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுனுக்கும் ஊற்றுவது. கிரவுன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று இழைந்து வழுக்கும் அமைப்புடையவை. அவற்றுக்கு ஜிஎல்-5 தரத்திலுள்ள கடுமையான கந்தக ரசாயனச் சேர்க்கை தேவை. சிங்க்ரோமெஷ் கியர் பாக்ஸில், கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை வளையங்கள் உண்டு. அந்தக் கந்தகச் சேர்க்கை, சூடான ஆயிலில், பித்தளையை மெல்ல அரித்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 போன்றவற்றையே பரிந்துரைப்பார்கள். சில பெரிய பெட்டிகளுக்குக் கியர் ஆயிலே கூடாது, குறிப்பிட்ட வகை இஞ்சின் ஆயில்தான் என்றும் இருக்கிறது. ஆகையால் பக்கத்து வண்டிக்காரர் என்ன ஊற்றுகிறார் என்பது நமக்கு எந்த விதத்திலும் சான்றல்ல. நம் வண்டியின் கையேட்டில் உள்ள வரியே சான்று.

ஓட்டும் முறையிலும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். ஆயிலை இறைப்பது லே ஷாஃப்ட், அதைச் சுழற்றுவது இஞ்சின் என்று தெரிந்தபின், மேட்டில் பெரிய கியரிலேயே இஞ்சினைத் திணறடித்து இழுக்கும் பழக்கம் எவ்வளவு கெடுதலானது என்பதும் விளங்கியது. அந்த நிலையில் பற்களின் மேல் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், லே ஷாஃப்ட்டோ சோம்பலாகச் சுற்றும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இஞ்சின் தன் இயல்பான இழுவைச் சுற்றில் ஓடும்படி விட்டால், வண்டி மெதுவாகப் போனாலும் இறைப்பு குறையாது. வளைவில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும்போது, கியரைப் போட்டபடி கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பதையும் விட்டுவிட்டேன். அப்போது பெட்டிக்குள் எல்லாம் அசைவற்று நின்றுவிடும். மேட்டில் தேங்கிய ஆயில் பின்னாலேயே கிடக்கும். கைப் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டுவிட்டால் லே ஷாஃப்ட் மட்டுமாவது சுழன்றுகொண்டு ஆயிலைத் தெளித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காத்திருப்பு இப்போது முன்னைவிட அதிகம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் இந்தச் சாலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. காட்டு விலங்குகளுக்கு அது தேவையான ஏற்பாடுதான். இரவில் அடிபட்டுக் கிடந்த மான்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விடிந்ததும் பண்ணாரியில் காத்திருந்த லாரிகள் மொத்தமாக ஒரே வரிசையில் ஏறுகின்றன. முன்வண்டியின் வேகமே நம் வேகம். காற்றோட்டம் இல்லாமல் ஊர்ந்து ஏறும் பெட்டியின் சூடு எவ்வளவு என்று பார்க்க, தொடாமலே சூடு அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். சமதளத்தில் பெட்டியின் வெளிப்புறம் 75 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தது, நெரிசலான ஒரு காலையில் திம்பம் உச்சியில் 100ஐத் தொட்டது. உள்ளிருக்கும் ஆயில் இதைவிடச் சூடாகவே இருக்கும். 120 பாகைக்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஆயில் விரைவில் கெட்டுவிடும். ஆகவே திம்பம் உச்சியில் தேநீருக்கு நிறுத்தினாலும், முதல் ஐந்து நிமிடம் இஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிடுகிறேன். சமதளத்துக்கு வந்த ஆயில் முன்பக்கம் திரும்பி, காய்ந்திருக்கும் பேரிங்கை நனைக்க அந்த நேரம் போதும்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதையாகிவிடும். இறக்கத்தில் பெட்டியின் பொருத்தச் சாய்வும் சாலைச் சரிவும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், ஆயில் மட்டம் அவ்வளவு மோசமாகக் குலைவதில்லை. கியரில் இறங்கும் வண்டிக்கு மசகுப் பிரச்சினை அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். பிரச்சினை நியூட்ரலில் இறங்குபவர்களுக்குத்தான். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகும் வண்டிகளின் மேல் ஏறிய லாரிகளைப் பற்றி நமக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்து என்ற அந்தக் காரணமே போதும். கியர் பாக்ஸின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் நியூட்ரலில் உருளும் லாரியில் மெயின் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்றுகள் சுற்றுகிறது. இஞ்சின் ஐடிலில் இருப்பதால் லே ஷாஃப்ட் 300, 400 சுற்றுகளோடு நின்றுவிடுகிறது. ஊசி பேரிங்குகள் முழு வேகத்தில் தேய, இறைப்பு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டீசல் மிச்சம் என்பதும் தவறான நம்பிக்கைதான். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இஞ்சின்களில் டீசல் தெளிப்பு நின்றுவிடுகிறது. ஐடிலில் ஓடும் இஞ்சினோ குடித்துக்கொண்டே இருக்கிறது.

பெரிய டிரெய்லர்கள், டிப்பர்கள் வைத்திருப்பவர்கள் வண்டி வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈட்டன் ஃபுல்லர் போன்ற பெட்டிகளின் கையேடுகளில், பொருத்தச் சாய்வும் சாலைச் சரிவும் சேர்ந்து 12 பாகையைத் தாண்டும் வேலைக்கு ஆயில் பம்ப்போ குளிர்விப்பானோ பொருத்த வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். பொது நெடுஞ்சாலையில் அந்தக் கோணம் அரிது. ஆனால் கல் குவாரியின் பள்ளத்திலிருந்து சுமையோடு ஏறும் டிப்பருக்கு அது அன்றாடம். இறைப்பை மட்டும் நம்பிய பெட்டியை அங்கே ஓட்டிவிட்டுத் தயாரிப்பாளரைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

கியர் பாக்ஸைப் போலவே பின் அச்சும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. மேட்டில் அதன் மூக்குப் பகுதி தூக்கிக்கொள்ளும். கிரவுனைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் முன் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் பின்னால் ஓடும். கிரவுன் வீல் மெதுவாகச் சுற்றுவதால் வாரி இறைப்பதும் குறையும். கியர் பாக்ஸுக்குப் பார்க்கும் அதே நாளில் கிரவுன் ஹவுசிங்கின் அளவையும் அதன் பிரீதரையும் பார்த்துவிடுகிறேன்.

புதுப் பேரிங்குகள் போட்ட பெட்டிக்கு முதல் ஆயில் மாற்றத்தைக் கையேட்டு இடைவெளிக்காகக் காத்திராமல் 5,000 கிலோமீட்டரிலேயே செய்தோம். டிரெயின் போல்ட்டின் காந்த முனையை விரலால் வழித்துப் பார்ப்பது எனக்கு இப்போது ஜாதகம் பார்ப்பது போல ஆகிவிட்டது. விபூதியைக் குழைத்தது போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில்கள் வந்தால் ஏதோ ஒரு பல்லோ பேரிங் தடமோ உரிகிறது. காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் பொன்னிறமாக மின்னும் துகள்கள் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

வாசலின் வாட்டத்தை மாற்ற வீட்டில் சம்மதிக்கவில்லை. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை. அதனால் களத்து ஓரத்தில், கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்து, நான்கு சக்கரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் நான்கு சிமெண்ட் மேடைகள் போட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களும் அளவு பார்க்க அங்கேதான் வருகிறார்கள். சென்ற மாதம் பார்த்தபோது எங்கள் வண்டிக்கு 150 மில்லி குறைந்திருந்தது. ஊற்றிவிட்டு, பின் சீலைத் துடைத்து, தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதினோம். இந்த மாதம் அதே அளவு மீண்டும் குறைந்திருந்தால் சீலை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.